அம்மாவுக்குச் சேராத இரத்தம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணி,

இதைக் கிழித்துப் போடுவதற்கு முன் முதல் பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள். அம்மாவுக்கு இதயத்தில் மூன்று இடங்களில் அடைப்பு. பைபாஸ் செய்தே ஆக வேண்டும் என்கிறார் டாக்டர். அதே டாக்டர் அதே வாயால், 'இங்கே செய்ய மாட்டோம்' என்றும் சொல்கிறார்.

போன் செய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உங்கள் குரலைக் கேட்டால் விஷயத்தைச் சொல்லாமல் அழுதே தீர்த்துவிடுவேன். நீங்களும் எடுத்திருக்க மாட்டீர்கள். ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டிலிருந்து போன எந்த அழைப்பையும் நீங்கள் எடுத்ததில்லை. குற்றமாகச் சொல்லவில்லை. அம்மா அன்றைக்குப் பேசிய பேச்சுக்கு நானாக இருந்தால் ஊரையே கொளுத்திவிட்டுப் போயிருப்பேன்.

என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். போன வாரம் அம்மா என் கண்ணாடிக் கடைக்கு வந்திருந்தார். ஒரு வாடிக்கையாளருக்கு பிரேம் மாட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஸ்டூல் விழுந்த சத்தம். திரும்பினால் அம்மா தரையில் கிடக்கிறார், நெஞ்சைப் பிடித்தபடி. 'ஒண்ணுமில்ல, வாயு' என்றார். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். முந்தின நாள் இரத்த வங்கியிலிருந்து ஒரு டாக்டரம்மா கீழே இறங்கி வந்தார். எடுத்துப் பார்த்த எந்தப் பையும் அம்மாவுக்குச் சேரவில்லையாம். குரூப் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் கலந்து பார்த்தால் கட்டி கட்டியாகிவிடுகிறது என்றார். என்னுடையதைக் குத்தி எடுத்தார்கள், சேரவில்லை. அண்ணனுடையதும் சேரவில்லை. 'பெத்த பிள்ளைங்க இரத்தமே சேரலையே டாக்டர்!' என்று நான் கத்திவிட்டேன். அம்மா கட்டிலில் படுத்தபடி, 'எனக்கு உயிரோட இருக்கிற யார்கூடத்தான் ஒத்துப்போச்சு, இரத்தம் மட்டும் ஒத்துப்போறதுக்கு?' என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

இரத்தம் கையில் இல்லாமல் இந்த உடம்பில் பைபாஸ் முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா இப்போது முப்பத்தொன்பது கிலோ. அண்ணி, இதயத்தை நிறுத்தி வைத்திருக்கும்போது மெஷினை ஓட்டுவது நீங்கள்தானே. வேறு யாரிடம் கேட்பேன்?

உங்கள்
சிட்டு


மார்ச் 9

சிட்டு,

கிழிக்கவில்லை. முழுதும் படித்தேன். உனக்காகப் பதில் எழுதுகிறேன், உன் அம்மாவுக்காக அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த டாக்டர்கள் சொன்னது பொய்யில்லை. எங்கள் மெஷினில் நீளநீளமாகக் குழாய்கள் இருக்கும். உடம்பிலிருந்து இரத்தம் மெஷினுக்கு வந்து, ஆக்சிஜன் ஏறி, திரும்ப உடம்புக்குப் போக வேண்டும். அந்தக் குழாயில் காற்று இருக்கக் கூடாது என்பதற்காக முதலிலேயே உப்புநீர் நிரப்பி வைப்போம். சாதாரண மெஷினுக்கு ஒன்றரை லிட்டர் பிடிக்கும். எண்பது கிலோ ஆள் என்றால் அந்தத் தண்ணீரை உடம்பு தாங்கும். உன் அம்மா உடம்பில் ஓடும் இரத்தமே இரண்டரை லிட்டர்தான் இருக்கும். அதில் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொட்டினால் என்ன ஆகும்? பாலில் தண்ணீர் கலப்பதற்கும் ஒரு அளவு உண்டு. அப்படி நீர்த்துப்போன இரத்தத்தைச் சரிக்கட்டத்தான் வெளியிலிருந்து பை ஏற்றுகிறோம். பை இல்லையென்றால் கை கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

வேறு வழி ஒன்று இருக்கிறது. குழாயைக் குட்டையாக்குவது. மெஷினை நோயாளியின் தோளருகே கொண்டுவந்து, இரத்தம் தேங்கி நிற்கும் பெரிய தொட்டியை எடுத்துவிட்டு, சின்னச் சுற்றாக ஓட்டுவது. அதில் தண்ணீர் பாதிக்கும் குறைவாகத்தான் பிடிக்கும். எங்கள் ஆஸ்பத்திரியில் அப்படிச் சிலருக்குச் செய்தோம். பிறகு பெரிய டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது ஒரு கேள்வி. இத்தனை இரத்தத்தை ஒரு உடம்பு எதிர்க்கிறது என்றால், அந்த உடம்பு எப்போதோ அடுத்தவர் இரத்தத்தை நிறைய வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஒன்றிரண்டு பை அல்ல. அப்படி வாங்கியதில் எது தனக்கு அந்நியம் என்று உடம்பு கற்றுக்கொண்டுவிடும், மறக்காது. பிரசவத்திலும் கொஞ்சம் இப்படி ஆகலாம், ஆனால் இந்த அளவுக்கு அபூர்வம். உன் அம்மாவுக்கு எப்போது இரத்தம் ஏற்றினார்கள்? இரத்த வங்கிக்கு அது தெரிய வேண்டும். யாரும் இல்லாதபோது கேள்.

என்னைப் பற்றி அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் சொன்னது உன் காதிலும் விழுந்தது. நானும் கேட்டேன். ஐந்து மாதக் குழந்தை போன வயிற்றோடு ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். 'நாள் முழுக்க அந்த மெஷின் பக்கத்துல நின்னா எந்தக் குழந்தைதான் தங்கும்? ஊரான் உசுரைக் காப்பாத்தப் போய் தன் வயித்தைக் காவு குடுத்துட்டா.' வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். உன் அண்ணன் மட்டும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி


மார்ச் 14

அன்புள்ள அண்ணி,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நீங்கள் சொன்னபடி அண்ணனை மருந்துக் கடைக்கு அனுப்பிவிட்டுக் கேட்டேன். 'உனக்கு எப்பவாவது இரத்தம் ஏத்தியிருக்காங்களாம்மா?' 'இல்ல' என்றார். இரத்த வங்கி டாக்டரம்மாவிடமும் இதையேதான் சொன்னாராம். 'உன் இரத்தம் வேற மாதிரி சொல்லுதாம்மா' என்றேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன். அப்போது, 'உங்க அண்ணனுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சு' என்றார்.

அண்ணி, எங்களுக்கு ஒரு அக்கா இருந்தாளாம்.

ஏழாவது மாதத்தில் இறந்தே பிறந்தாளாம். அதன் பிறகு அம்மாவுக்கு இரத்தம் நிற்கவேயில்லை. ஆஸ்பத்திரியில் பை பையாக ஏற்றியிருக்கிறார்கள். அப்பா ஊர் முழுக்க ஓடி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் கூட்டிவந்து கொடுக்க வைத்தாராம். 'யார் யார் இரத்தமோ எனக்குள்ள ஓடுச்சு. எல்லாரும் ஆம்பளைங்க. லாரி ஓட்டுறவன்கூட இருந்தான். அதான் எனக்கு வாய் இவ்ளோ நீளம்' என்று சொல்லி அம்மா சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அம்மா அப்போது தையல் வேலை செய்துகொண்டிருந்தாராம், காலால் மிதிக்கிற மெஷினில். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த அன்றே அப்பாவின் அம்மா வாசலில் நின்று, 'மெஷினை மிதிச்சு மிதிச்சே பிள்ளையைக் கொன்னுட்டா' என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாராம். அம்மா அதன் பிறகு மெஷினைத் தொடவே இல்லை. எங்கள் பள்ளிச் சட்டைகளைக்கூட கையாலேயே தைப்பார். கையால் தைத்தால்தான் உறுதி என்பார். நான் அதை நம்பிக்கொண்டு இருந்தேன்!

'அப்ப ஏம்மா அண்ணிகிட்ட அதையே சொன்னே? தெரிஞ்சும் எப்படிம்மா சொன்னே?' என்று கேட்டேன். அம்மா என்னை முழித்துப் பார்த்தார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: 'எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியலடி. எனக்கு அதைத்தானே சொன்னாங்க.'

சிட்டு


மார்ச் 18

சிட்டு,

உன் கடிதம் வந்தது. வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் படித்தேன்.

நான் இளகிவிடுவேன் என்று எதிர்பார்த்து எழுதினாயா? இளகவில்லை. ஆத்திரம் இரண்டு மடங்காகிவிட்டது. தெரியாத ஒருவர் கல்லெறிந்தால் புத்தி இல்லை என்று விட்டுவிடலாம். அதே கல்லால் அடிபட்டவர், அது எங்கே வலிக்கும் என்று தெரிந்தவர் எறிந்தால்? நான் என்ன செய்யட்டும்?

இரத்த வங்கிக்கு விவரம் சொல்லிவிடு. இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.


மார்ச் 23

அன்புள்ள அண்ணி,

உங்கள் ஆத்திரம் நியாயம்தான். அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் நேரமில்லை. நேற்று அம்மாவுக்கு மறுபடி வலி வந்தது, இந்த முறை சும்மா உட்கார்ந்திருக்கும்போதே. நாக்கின் அடியில் மாத்திரை வைத்து மீட்டோம்.

வீட்டில் பெரிய ரகளை. உங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று நான் சொன்னதும் அண்ணன் குதித்தார். 'அவ இருக்கிற எடத்துக்கா? அம்மா மேல அவளுக்கு இருக்கிற கோபத்துக்கு, கையில சுவிட்சைக் குடுக்கச் சொல்றியா?' என்றார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைத் தூக்கி எறிந்துவிட்டேன். அவர் மேல் படவில்லை, வருத்தம்தான்.

அப்போது அம்மா சொன்னார்: 'டேய், யார்யாரோ கையில சாகுறதுக்கு அவ கையில சாகுறேன். என்னைக் கொல்லணும்னா அவளுக்குத்தான்டா உரிமை இருக்கு.' சொந்தக்காரர்களிடமெல்லாம் உங்களை 'மோட்டார் பம்பு போடுற வேலை' என்று கிண்டல் அடித்தவர் அம்மா. இப்போது, 'அந்தப் பம்பை அவளே போடட்டும், இல்லாட்டி எனக்கு ஆபரேஷனே வேணாம்' என்கிறார்.

மன்னிக்கச் சொல்லவில்லை அண்ணி. வேலையாக நினைத்துச் செய்ய முடியுமா?

சிட்டு


ஏப்ரல் 1

சிட்டு,

இன்றைய தேதியைப் பார்த்து ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதே. பெரிய டாக்டர் சம்மதித்துவிட்டார்.

அந்தச் சின்னச் சுற்றை ஏன் நிறுத்தினார் என்று சொல்கிறேன் என்றேனே. பெரிய தொட்டி இருந்தால், குழாயில் தவறிக் காற்று வந்தாலும் தொட்டியில் மேலே போய் நின்றுவிடும், யோசிக்க அவகாசம் இருக்கும். சின்னச் சுற்றில் அந்த அவகாசம் கிடையாது. காற்று நேராகப் பம்புக்குப் போகும், பம்பு நின்றுவிடும். போன வருடம் ஒரு நோயாளிக்கு அப்படி நின்றது. வேறொருவர் மெஷினில் இருந்தார், நான் பக்கத்தில் நின்றேன். அந்த மனிதர் பிழைத்தார். ஆனால் அன்று அறையில் இருந்த யாருக்கும் சோறு இறங்கவில்லை. பெரிய டாக்டர், 'இனி என் தியேட்டருக்குள்ள இந்தக் குட்டைக் குழாய் வரக்கூடாது' என்று சொல்லிவிட்டார்.

அவரிடம் போய் நின்றேன். அத்தையின் எடை, இரத்த அளவு, எதிர்ப்பு எல்லாம் சொன்னேன். நீளக் குழாய் போட்டால் எவ்வளவு நீர்க்கும், குட்டைக் குழாய் போட்டால் எவ்வளவு என்று பலகையில் எழுதிக் காட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, 'யாரு இவங்க?' என்றார். 'என் மாமியார்.' 'அப்போ நீ மெஷின்ல நிக்கக் கூடாது, சொந்தக்காரங்களுக்கு நிக்கறது சரியில்ல.' 'இந்தச் சுற்றை இங்க ஓட்டத் தெரிஞ்சது நானும் என் ஜூனியரும்தான் சார், அவனுக்குத் தனியா ஓட்டிப் பழக்கமில்ல.' கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். 'பிடிச்ச மாமியாரா, பிடிக்காத மாமியாரா?' என்றார். 'பிடிக்காதவங்க சார்.' 'அப்ப சரி, கை நடுங்காது' என்றார்.

அவர் விளையாட்டாகச் சொல்லிவிட்டார். உண்மை என்னவென்று எனக்கே தெரியவில்லை.

மூன்று வாரம் இரும்புச்சத்து ஊசியும், இரத்தம் ஊறுவதற்கான ஊசியும் போட வேண்டும். கையில் இருப்பதை முதலில் பெருக்குவோம். பரிசோதனைக்கென்று சும்மா சும்மா இரத்தம் எடுக்க விடாதே. குழந்தைகளுக்கு எடுக்கிற சின்னக் குப்பியில் எடுக்கச் சொல். வலி கூடினால் காத்திருக்காமல் கூட்டிவந்துவிடு.

அண்ணி


ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணி,

அம்மாவும் அண்ணனும் காலை ரயிலில் கிளம்பிவிட்டார்கள். என்னால் வர முடியவில்லை. என் மாமனார் பக்கவாதத்தில் விழுந்து நான்கு மாதமாகிறது. அவரைத் திருப்பிப் படுக்க வைக்கவே இரண்டு பேர் வேண்டும். என் வீட்டுக்காரரும் நானும்தான் அந்த இரண்டு பேர்.

ஊசிகள் வேலை செய்திருக்கின்றன. ஒன்பதரை இருந்த ஹீமோகுளோபின் பதினொன்றரை ஆகியிருக்கிறது. இரத்த வங்கியிலும் எங்கோ தேடி ஒரே ஒரு பை பிடித்திருக்கிறார்களாம். அதுவும் முழுதாகச் சேராது, உயிர் போகிற நிலைமையென்றால் மட்டும் என்று எழுதி ஒட்டி அனுப்புகிறார்களாம்.

ரயில் ஏறும்போது அம்மா கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. 'பயமா இருக்காம்மா?' என்றேன். 'அவ மூஞ்சியைப் பார்க்கத்தான் பயமா இருக்கு' என்றார்.

எனக்கு எல்லாவற்றையும் எழுதுங்கள். அண்ணன் செய்தி அனுப்பினால் ஒரு வரிதான் வரும்.

சிட்டு


மே 3

சிட்டு,

உன் அண்ணன் 'முடிஞ்சது, நல்லா இருக்காங்க' என்று அனுப்பியிருப்பார். அது உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன்.

தியேட்டருக்குள் அத்தையைத் தள்ளிக்கொண்டு வந்தபோது நான் முகமூடி போட்டிருந்தேன். கண் மட்டும்தான் தெரியும். அடையாளம் கண்டுகொள்ள மாட்டார் என்று நினைத்தேன். நேராக என்னைப் பார்த்தார். மயக்க டாக்டர் ஊசி போட்டார், கண் மூடியது. அவ்வளவு சின்ன உடம்பு, சிட்டு. பச்சைத் துணியைப் போர்த்தினால் கீழே ஆள் இருப்பதே தெரியவில்லை. இந்த உடம்பிலிருந்தா அவ்வளவு பெரிய சொல் வந்தது என்று திகைத்துப் போனேன்.

மெஷினை அவர் தோளை ஒட்டி வைத்தேன். குழாய்கள் என் கை நீளம்கூட இல்லை. அதிலும் இருக்கிற உப்புநீரை உள்ளே விட மனமில்லை. அதனால் ஓட்டத் தொடங்குமுன், அத்தையின் சொந்த இரத்தத்தையே மெதுவாகக் குழாய்க்குள் பின்னோக்கி வர விட்டு, அது தள்ளும் தண்ணீரை வெளியே ஒரு பையில் பிடித்தேன். தண்ணீர் வெளியேற வெளியேற, குழாயில் சிவப்பு ஊர்ந்து வந்தது. 'பிரஷர் இறங்குது' என்றார் மயக்க டாக்டர். 'இன்னும் கொஞ்சம்' என்றேன். 'ரொம்ப இறங்குது!' என்று கத்தினார். அப்போதுதான் நிறுத்தினேன். ஒன்றரை லிட்டர் போக வேண்டிய இடத்தில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலில் பாதிகூடப் போகவில்லை.

இதயம் நின்றது. பெரிய டாக்டர் தைக்கத் தொடங்கினார். முதல் இரண்டு இரத்தக்குழாய் ஒழுங்காக முடிந்தது. மூன்றாவது, இதயத்தின் பின்பக்கம். அதைத் தைக்க இதயத்தைக் கையால் தூக்கிப் பிடிக்க வேண்டும். தூக்கினார். என் குழாய் அதிர்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்புக்கு நடுவில் வெள்ளையாக ஒரு கீற்று.

'காத்து!' என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. குழாயைக் கிடுக்கியால் பிடித்துப் பம்பை நிறுத்தினேன். நிறுத்தினால் உடம்பில் எங்கும் இரத்தம் ஓடாது, மூளைக்கும் ஓடாது. பெரிய டாக்டர் இதயத்தைக் கீழே விட்டார். இதயத்துக்குள் போகும் குழாயைச் சுற்றி இருந்த தையல் தளர்ந்து, அந்த வழியாகக் காற்று இழுத்திருக்கிறது. அவர் அதை இழுத்துக் கட்டினார். என் ஜூனியர் காற்றை வெளியேற்றினான். 'ஓட்டு' என்றார் பெரிய டாக்டர். ஓட்டினேன். ஓடியது. ஒரு நிமிடத்துக்கும் குறைவுதான் என்று பிறகு சொன்னார்கள். என்னால் நம்ப முடியவில்லை. என் கல்யாண வாழ்க்கையே அதற்குள் முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

அது போதாதென்று, கடைசியில் ஹீமோகுளோபின் ஏழரைக்கு இறங்கியது. மயக்க டாக்டர் அந்த ஒற்றைப் பையை எடுத்துவரச் சொன்னார். பை வந்தது. கம்பியில் மாட்டிவிட்டார்கள். அது உள்ளே போனால் காப்பாற்றலாம், அதுவே கொல்லவும் செய்யலாம். 'சார், சுற்றில் இருக்கிற தண்ணீரை வடிகட்டி எடுத்துடறேன், கொஞ்சம் பொறுங்க' என்றேன். 'எவ்வளவு நேரம்?' 'தெரியல சார்.' பெரிய டாக்டர் என்னையே பார்த்தார். 'பொறுக்கலாம்' என்றார். வடிகட்டினேன். எட்டு. எட்டேகால். காயத்திலிருந்து உறிஞ்சி எடுத்த இரத்தத்தைக் கழுவித் திரும்பக் கொடுத்தோம். முடித்த பிறகு குழாய்க்குள் மிஞ்சியதையும் விடவில்லை, கடைசிச் சொட்டு வரை அவருக்கே அனுப்பினேன். மாட்டிய பையை அப்படியே கழற்றித் திருப்பி அனுப்பினார்கள்.

அத்தை உடம்பில் அந்நிய இரத்தம் ஒரு சொட்டுகூட ஏறவில்லை.

வெளியே வந்து கையுறையைக் கழற்றினேன். நடுக்கம் அப்போதுதான் வந்தது. பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, 'பிடிக்காத மாமியார்னு சொன்னியே' என்றார். உடை மாற்றும் அறையில் போய் உட்கார்ந்து அழுதேன். யாருக்காக என்று கேட்காதே.

அண்ணி


மே 12

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை என் மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். பேச முடியாதவர், 'காத்து' என்ற இடம் வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

இப்போது என்ன நடக்கிறது? அண்ணன் இன்று தனியாக வந்து இறங்குகிறார்! அம்மா எங்கே என்றால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, 'உன் அண்ணியையே கேளு' என்கிறார். அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, மறைக்கிறார் என்று நினைத்துக் கூச்சல் போட்டேன். பிறகுதான் வாயைத் திறந்தார். டிஸ்சார்ஜ் ஆன அன்று கார் வாசலில் நின்றதாம். அம்மா ஏறவில்லையாம். 'நான் என் மருமக வீட்டுக்குப் போறேன், தையல் காயற வரைக்கும் அவதான் பார்த்துக்கணும்' என்றாராம். உங்களைக் கேட்கவும் இல்லையாம், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாராம்!

நிஜமா அண்ணி? நீங்கள் எப்படிச் சம்மதித்தீர்கள்? அண்ணன், 'நானும் வரவா' என்று கேட்டதற்கு நீங்கள், 'முதல்ல வாயைத் திறக்கக் கத்துக்கோங்க, அப்புறம் வாங்க' என்றீர்களாமே. அதை அவர் என்னிடம் புகாராகச் சொன்னார். எனக்குக் கைதட்டத் தோன்றியது.

உடனே எழுதுங்கள். எனக்குத் தலை சுற்றுகிறது.

சிட்டு


மே 20

சிட்டு,

நிஜம்தான். எனக்கும் இன்னும் தெளியவில்லை.

நான் சம்மதிக்கவெல்லாம் இல்லை. யார் என்னைக் கேட்டார்கள்? ஆஸ்பத்திரி வாசலில், வெயிலில், நெஞ்சை ஒரு தலையணையால் அணைத்தபடி ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதறினால் தையல் பிரிந்துவிடும். கூட்டிக்கொண்டு வந்தேன்.

என் வீட்டில் ஒரே அறை, ஒரே கட்டில். கட்டில் அவருக்கு, பாய் எனக்கு. வந்த முதல் நாளே ஜன்னல் திரை கோணல், மிக்ஸி சத்தம், நான் வேலைக்குப் போகும் நேரம் எல்லாவற்றுக்கும் குறை. 'இந்த வீட்ல மனுஷன் குடியிருப்பானா?' என்றார். 'இதுவரைக்கும் மனுஷிதான் இருந்தா' என்றேன். ஒரு நிமிடம் முறைத்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவர் தையலைப் பிடித்துக்கொண்டு, 'சிரிக்க வைக்காதடி, வலிக்குது' என்றார். என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சண்டையிலும்கூட 'இவ', 'அவ' என்றுதான் சொல்லியிருக்கிறார்.

ஆனால் நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. தினமும் வேலை முடிந்து வரும்போது, கதவருகே நின்று ஒரு நிமிடம் மூச்சு விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

நேற்று சாயங்காலம் அவருக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். கையைத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். முதுகு என் பக்கம் இருந்தது. அவரே பேச ஆரம்பித்தார். 'அவளுக்கு முடி நிறைய இருந்துச்சு. கறுகறுன்னு. ஒரு தடவைதான் காட்டினாங்க. நர்ஸ் துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டா. பேர் வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நான் மனசுக்குள்ள ஒண்ணு வச்சிருக்கேன், இதுவரைக்கும் வாய்விட்டுக் கூப்பிட்டதில்ல.'

சீப்பு என் கையில் நின்றுவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அன்று வராந்தாவில் அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததும் எனக்கே அதிர்ச்சியாக இருந்தது.

அவர் திரும்பாமலே கேட்டார்: 'உன்னோடது பையனா, பொண்ணா?'

சிட்டு, ஒன்றரை வருடம் ஆகிறது. டாக்டர்கள் தேதி கேட்டார்கள், எத்தனை வாரம் என்று கேட்டார்கள். என் அம்மா, 'அதைப் பத்திப் பேசாதே, மறந்துடு' என்றார். உன் அண்ணன் எதுவுமே கேட்கவில்லை. நீகூடக் கேட்டதில்லை. அந்தக் கேள்வியை உலகத்தில் ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை.

'பொண்ணு, அத்தை' என்றேன்.